பாராட்டு வேண்டாம், ஆள் வேண்டும்

சர்ச்சில் எல்லாருக்கும் அவள் அக்கா. எழுபதைத் தாண்டியவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு மட்டும் நான் பிறந்ததிலிருந்தே அக்கா. அதனால் மற்றவர்களைவிடச் சில வருடங்கள் கூடுதலாகவே அவளிடம் மாட்டிக்கொண்டு முழித்திருக்கிறேன்.

அத்தான் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிறவர். ஸ்கூட்டரில் ஸ்பேனர் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் போய் சம்பாதித்தே தலை நரைத்துவிட்டது. அவருக்கு ஐம்பத்தைந்தாவது வயதில் ஒரு மாதச் சம்பள வேலை வந்தது. வேறு ஊரில், மீன் பதப்படுத்தும் குளிர்கிடங்கு ஒன்றில் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு. போய்ச் சேர ஒரு பகல் முழுக்க ஆகும். இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று அவர் மண்டையை உடைத்துக்கொண்டார். முதலில் என்னிடம்தான் வந்து சொன்னார்.

"உங்க அக்கா சர்ச்சை விட்டு வருவாளா?"

"சர்ச்சைக் கழட்டி லாரியில ஏத்திட்டா வருவா, அத்தான்."

ஆனால் அக்கா மறுபேச்சுப் பேசவில்லை. எப்போது சேர வேண்டும் என்று மட்டும் கேட்டாள். மூன்று மாதம் அவகாசம் இருக்கிறது என்றார் அத்தான்.

"மூணு மாசம் போதும். அதுக்குள்ள ஆள் பிடிச்சிடலாம்" என்றாள்.

வீடு காலி பண்ண ஆள் பிடிப்பதைச் சொல்கிறாள் என்று அத்தான் சந்தோஷப்பட்டார். அவள் சொன்னது சர்ச்சுக்கு.

அக்காவுக்கு வேலை பல் டாக்டர் கிளினிக்கில், வாசல் மேஜையில். பல்லைப் பிடுங்கப்போகிறார்களே என்று பயந்து எழுந்து ஓடப்பார்க்கிறவர்களை, "உக்காருங்க" என்ற ஒரே சொல்லில் உட்கார வைத்துவிடுவாள். அந்தக் குரலுக்கு நாங்கள் சின்ன வயதிலிருந்தே அடங்கிப் பழகியவர்கள். கல்யாணமாகி இந்தப் பக்கம் குடிவந்த புதிதில் முதல் ஞாயிறு சர்ச்சுக்குப் போனவள், பின்பக்கம் கக்கூஸுக்குப் போய்விட்டுக் கோபமாகத் திரும்பினாள். அப்போதிருந்த செயலரிடம் நேராகப் போய், "உள்ள தண்ணியும் இல்ல, வாளியும் இல்ல. யாரு பாத்துக்கறாங்க?" என்று கேட்டாள்.

"தனியா யாரும் இல்லம்மா. நீங்க வேணா கொஞ்சம் பாருங்களேன்" என்றார் அவர். நல்ல மனுஷன். மறுநாளே மறந்திருப்பார்.

அக்கா மறக்கவில்லை. வாளி வாங்கி வைத்தாள். வாளி இருந்தால் தண்ணீர் வேண்டுமே, தொட்டியை நிரப்பினாள். தொட்டி ஒழுகியது, அத்தானை இழுத்துவந்து வாஷர் போடவைத்தாள். சனிக்கிழமை கழுவ வருகிறவளிடமே ஹால் சாவி இருக்கட்டும் என்றார்கள். சாவி இருக்கிறவளே காலையில் திறக்கட்டும் என்றார்கள். திறக்கிறவள் நாற்காலியைப் போட்டால் என்ன? பூஜாடியில் தண்ணீர் மாற்றினால் என்ன? குழந்தைகள் வகுப்புக்கு ஆள் வராத அன்று ஒரு நாள் மட்டும் உட்கார்ந்தால் என்ன? அந்த ஒரு நாள் ஒன்பது வருடம் நீண்டது. யாரும் அவளை எதற்கும் நியமிக்கவில்லை. எல்லாம் தானாகச் சரிந்து அவள் தலையில் விழுந்தது. அவளும் தலையை நகர்த்தவில்லை.

வீட்டுக் குழாய் ஒழுகிக்கொண்டிருக்கும். அத்தான் சர்ச் குழாய்க்கு அடியில் படுத்திருப்பார். "நான் கட்டிக்கிட்டது இவளைத்தானா, இல்ல ஒரு கட்டடத்தையான்னு சில நேரம் சந்தேகமா இருக்கும்" என்பார். அவர் அப்படிச் சொல்லும்போதும் கையில் ஸ்பேனர் இருக்கும் என்பதுதான் வேடிக்கை.

அக்காவின் பக்கமும் தவறில்லாமல் இல்லை. நடுவில் ஒரு சமயம் இரண்டு இளம்பெண்கள் தாங்களாகவே வந்து நாற்காலி போட்டார்கள். அக்கா பின்னாலேயே போய் ஒவ்வொரு நாற்காலியையும் நாலு விரல் நகர்த்தினாள்.  அந்தப் பெண்கள் அடுத்த வாரம் வரவில்லை. "பாத்தியா, பொறுப்பே இல்ல" என்று என்னிடம் புலம்பினாள். நீ நகர்த்தினதைப் பார்த்துத்தான் வரவில்லை என்று நான் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஊர் மாறுவது உறுதியானதும், ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்து வாசலில் நின்று ஆட்களைப் பிடிக்க ஆரம்பித்தாள். நானும் பக்கத்தில் நிற்பேன். அவமானமாக இருக்கும். வருகிற போகிறவர்கள் எல்லாம் அவள் இரண்டு கையையும் பற்றிக்கொண்டு கண்கலங்குவார்கள். வேலையைப் பற்றிப் பேச்செடுத்ததும் பற்றிய கை தானாக நழுவும். ஒருவருக்கு முதுகுவலி. ஒருவருக்கு மகள் தேர்வு எழுதுகிறாள், தேர்வு அடுத்த வருடம். ஒருவர், "யோசிச்சுச் சொல்றேன்க்கா" என்றார். அவர் இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

இப்போதைய செயலர்தான் இதில் கெட்டிக்காரர். கப்பல் கம்பெனி ஒன்றில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. ஞாயிறு அறிவிப்புகளை வாசிப்பது அவர் வேலை. ஒரு வரி அறிவிப்புக்கு ஒரு முன்னுரை இருக்கும்.

"அக்கா, உங்க இடத்தை யாரால நிரப்ப முடியும்?" என்றார்.

"இடத்தை நிரப்ப வேண்டாம் சார். வாளியை நிரப்பினாப் போதும்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். போகிற போக்கில் நாலு பேரிடம் அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். வாளியை நிரப்ப மட்டும் வரவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் டைப்பிஸ்டம்மாதான். கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்தவள். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறாள். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து வெளியே வருவதில்லை. நடக்க உதவும் கம்பிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து ஜன்னல்வரை நடப்பாள், அவ்வளவுதான். காலையில் ஒரு பெண் வந்து சமைத்துவைத்துவிட்டுப் போவாள். செவ்வாயும் வெள்ளியும் மத்தியானம் கிளினிக் இடைவேளையில் அக்கா போய் உடம்பு துடைத்து, முதுகில் பவுடர் போட்டு, படுக்கை விரிப்பு மாற்றி, மாத்திரைகளைப் பிரித்து வைத்துவிட்டு வருவாள்.

சர்ச்சிலிருந்து மற்றவர்கள் போய்ப் பார்க்காமல் இல்லை. போனார்கள். ஒரு தம்பதி போய்ப் பாட்டுப் பாடினார்கள். "சுருதி சேரல. பாடறதுன்னா கீழ போய்ப் பாடுங்க" என்றாள். போதகர் போய் நீண்ட ஜெபம் செய்தார். கண்ணைத் திறந்ததும், "முடிஞ்சுதா? என் சூப் ஆறிப்போச்சு" என்றாள். நான் போனேன். எனக்கு வேலை பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பது. வீடுகளுக்கும் போய் எடுப்பேன். கட்டிலில் படுத்தபடி என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உன் கையால எத்தனை பேர் செத்திருக்காங்க?" என்று கேட்டாள். ரத்தம் எடுக்க வருவேன், அது என் பிழைப்பு, முதுகு துடைக்க வரமாட்டேன் என்று அக்காவிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

ஊருக்குப் போகும் செய்தியை அவளிடம் சொல்லப்போன அன்று, புது மெத்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வர என்னையும் அழைத்துப் போனாள் அக்கா. மூன்று மாடி. மெத்தை என் முகத்தை மறைத்தது. ஒவ்வொரு படியிலும் அக்காவை மனசுக்குள் திட்டிக்கொண்டே ஏறினேன்.

மெத்தையை மாற்றிப்போட்டு, டைப்பிஸ்டம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகைத் துடைத்துக்கொண்டே அக்கா சொன்னாள்.

"அம்மா, நான் இந்த மாசக் கடைசியில வேற ஊருக்குப் போறேன். அவருக்கு அங்க வேலை."

டைப்பிஸ்டம்மா சுவரைப் பார்த்தபடி இருந்தாள். "தண்ணி சில்லுன்னு இருக்கு" என்றாள். பிறகு, "யாரு வருவா?" என்று கேட்டாள்.

"கேட்டுட்டிருக்கேன்."

"நீ கேக்கற லட்சணம் எனக்குத் தெரியாதா? போலீஸ் மாதிரி கேட்டிருப்ப. பயந்து ஓடியிருப்பாங்க."

"நான் கேக்கறதுக்கு ஓடல. நீங்க பேசறதுக்கு ஓடறாங்க."

"நான் என்ன பேசினேன்?"

அக்கா பவுடர் டப்பாவைத் தட்டினாள். தேவைக்கு மேல் பலமாகத் தட்டினாள்.

இறங்கி வரும்போது படியிலேயே வெடித்தாள். "இத்தனை வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், 'பாத்துப் போ'ன்னு சொல்லியிருக்காங்களா?"

"அப்புறம் ஏன் வர்ற? உனக்கு அந்தம்மாவைப் புடிக்குமா?"

"புடிக்கணும்னு யாரு சொன்னா? புடிக்கலன்னாலும் படுத்தே கெடந்தா முதுகு புண்ணாகும்ல."



அடுத்த ஞாயிறு போதகர் அக்காவின் பிரிவைப் பற்றிச் சபையில் முறையாக அறிவித்தார். ஒரு பாராட்டுக் கூட்டம் நடத்த வேண்டும், அதற்கு ஒரு குழு வேண்டும், யாரெல்லாம் வருகிறீர்கள் என்று கேட்டார். அவர் கேட்டு வாயை மூடுவதற்குள் கைகள் உயர்ந்தன. கேக் வாங்க, மேடை அலங்கரிக்க, படம் எடுக்க, நினைவுப் பரிசு தேர்ந்தெடுக்க, வரவேற்புரை சொல்ல, நன்றியுரை சொல்ல என்று ஆளுக்கொரு பொறுப்பு. அக்கா கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல பாதி இருந்தா எனக்குப் போதும்டி" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதால் எனக்கு மட்டும்தான் கேட்டது.

கூட்டம் ஒரு ஞாயிறு சாயங்காலம். ஐந்து மணிக்கு நீங்கள் வந்தால் போதும், அன்றைக்கு நீங்கள் விருந்தாளி, ஒரு வேலையும் செய்யக்கூடாது என்று குழுவினர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அக்கா இருப்பதிலேயே நல்ல சேலையை எடுத்து வைத்தாள். வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள், அதன் நடுவில் கண்ணாடியைத் தேடி எடுத்துத் தலைவாரினாள். அப்போது போன் வந்தது.

"அக்கா, ஹால் சாவி உங்ககிட்டதானே இருக்கு? நாங்க எல்லாம் வாசல்ல நிக்கறோம்."

நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு, கையில் வாளியுடன் பின்பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"இன்னைக்காவது சும்மா இருக்கக் கூடாதா உனக்கு?"

"குழந்தைங்க எல்லாம் வருவாங்க. கேக் தின்னுட்டு எங்க போவாங்க? உள்ள போய்ப் பாரு, ஒரு சொட்டுத் தண்ணி இல்ல."

ஹாலுக்குள் குழுவினர் பலூன் ஊதிக்கொண்டிருந்தார்கள். நாற்காலிகள் அடுக்கியபடியே இருந்தன. ஆளுக்கு ஆள், யாரோ போடுவார்கள் என்று இருந்துவிட்டார்கள். அக்கா போட ஆரம்பித்தாள். நானும் அத்தானும் திட்டிக்கொண்டே உதவினோம். தனக்கான பாராட்டுக் கூட்டத்துக்குத் தானே நாற்காலி போட்ட ஆள் என் அக்காவாகத்தான் இருப்பாள்.

கூட்டம் தொடங்கியது. வியர்வை காயாமல் அவளை மேடையில் உட்காரவைத்தார்கள். பூங்கொத்து கொடுத்தார்கள். பிறகு பேச்சு. ஒருவர் அக்காவை இந்தச் சபையின் தூண் என்றார். அடுத்தவர் அஸ்திவாரம் என்றார். இளைஞர் குழுத் தலைவன், அக்கா எங்களுக்குக் கூரை என்றான். கட்டடத்தில் என்னவெல்லாம் இருக்கிறதோ அதெல்லாமாக அக்கா ஆகிக்கொண்டே போனாள். கக்கூஸ் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

செயலர் கடைசியாக வந்தார். அவர் பேச்சு நீண்டுகொண்டே போனது. "இவர்களுக்கு ஈடு இல்லை, இணை இல்லை, இவர்கள் விட்டுச்செல்லும் வெற்றிடத்தை எவராலும்..." என்று போய்க்கொண்டிருக்கும்போது அக்காவின் முகத்தைப் பார்த்தேன். கிளினிக்கில் முறை தப்பி உள்ளே நுழைகிறவர்களைப் பார்க்கும் அதே முகம். அத்தானும் கவனித்துவிட்டார். "என்னமோ நடக்கப்போவுது" என்றார் என் காதில்.

நினைவுப் பரிசைக் கொடுத்தார்கள். கண்ணாடியில் செய்த ஒரு கேடயம். ஒரு குழந்தை உயரம். இரண்டு பேர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். வீட்டில் எல்லாவற்றையும் பெட்டி கட்டி முடித்திருந்த அத்தான் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"அக்கா இரண்டு வார்த்தை பேச வேண்டும்" என்று செயலர் மைக்கை நீட்டினார்.

அக்கா எழுந்தாள். "எல்லாரும் நல்லா பேசினீங்க. நான் இவ்வளவு நல்லவள்னு எனக்கே தெரியாது" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"ஒரு விஷயம் கேக்கணும். மூணு மாசமா வாசல்ல நின்னு கேட்டேன். இப்ப எல்லாரும் ஒரே இடத்துல உக்காந்திருக்கீங்க, அதனால திரும்பக் கேக்கறேன். என் இடத்தை யாராலயும் நிரப்ப முடியாதுன்னு ஆளாளுக்கு சொன்னீங்க. அப்படிச் சொல்லிட்டா யாரும் வர வேண்டாம் பாருங்க. நான் பண்ணினது பெரிய காரியம் எதுவும் இல்ல. நாற்காலி போட்டேன். கக்கூஸ் கழுவினேன். ஒரு அம்மாவுக்கு முதுகு துடைச்சேன். இதுக்குத் தூணெல்லாம் வேண்டாம். ஆள் வேணும். நாளன்னைக்குச் செவ்வாய்க்கிழமை. மூணாவது மாடிக்கு யாரு வர்றீங்க?"

 ஒரு பலூன் சுவரில் உரசிக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது. போதகர் தன் செருப்பைப் பார்த்தார். அக்கா மைக்கைக் கொடுக்கவும் இல்லை, உட்காரவும் இல்லை.  பாராட்ட வந்தவர்களை இப்படி நடுக்கூட்டத்தில் நிற்கவைக்கலாமா என்றும் இருந்தது, இன்னும் நாலு கேள் என்றும் இருந்தது.

மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது. செயலரின் மனைவி எழுந்து நின்றாள். சர்ச்சில் அவள் குரலை நான் அதுவரை கேட்டதே இல்லை. கணவர் பேசும் வீட்டில் இன்னொருவர் பேசத் தேவையும் இருந்திருக்காது.

"இவர் வருவார்" என்றாள்.

"யாரும்மா?" என்றாள் அக்கா.

"இவர்தான், எங்க வீட்டுக்காரர். ரிட்டயர் ஆனதிலேருந்து வீட்லதான் இருக்கார். நான் சமைக்கும்போது பின்னால நின்னுட்டு, அதை இப்படி நறுக்கலாம், இதை அப்படி வதக்கலாம்னு யோசனை சொல்லிட்டிருக்கார். எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும் போல இருக்கு. நீங்க கூட்டிட்டுப் போங்க."

ஹால் குலுங்கிச் சிரித்தது. செயலர் வாயைத் திறந்தார், மூடினார். 

மனைவி இன்னும் உட்காரவில்லை. "உடம்பு துடைக்கறது, துணி மாத்தறதெல்லாம் நான் பாத்துக்கறேன். மருந்து, கடை, மாடி ஏறி இறங்கற வேலை எல்லாம் இவர். செவ்வாயும் வெள்ளியும்தானே?"

"ஆமா. மத்தியானம் கீழ வாசல்ல நிக்கறேன்" என்றாள் அக்கா. செயலரைப் பார்த்து, "சார், இந்தச் சட்டை வேண்டாம். பழசு ஏதாவது போட்டுட்டு வாங்க" என்றாள்.

அதன்பிறகு வெட்கப்பட்டோ என்னவோ இளைஞர் குழுத் தலைவன் நாற்காலி வேலையை ஏற்றுக்கொண்டான். குழந்தைகள் வகுப்பை இரண்டு அம்மாக்கள் பிரித்துக்கொண்டார்கள். பூஜாடியை நான் எடுத்துக்கொண்டேன். "கக்கூஸ்?" என்று கேட்டாள் அக்கா. எல்லாரும் கேக்கைப் பார்த்தார்கள். போதகர் சட்டென்று எழுந்து, நாம் ஜெபித்து முடிப்போம் என்றார். அவ்வளவு வேகமாக அவர் ஜெபித்து நான் பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்பதை அக்கா சொல்லித் தெரிந்துகொண்டேன். செயலர் இரண்டாவது மாடியிலேயே கைப்பிடிச் சுவரில் சாய்ந்துவிட்டார். அவர் மனைவி அவரைத் தாண்டி ஏறிப் போய்விட்டாள். ஒருவழியாக மேலே வந்து சேர்ந்தவரை டைப்பிஸ்டம்மா கட்டிலிலிருந்து ஏற இறங்கப் பார்த்தாள்.

"இது யாரு, அறிவிப்பு வாசிக்கறவரா?"

"ஆமாம்மா" என்றார் செயலர், கொஞ்சம் பெருமையாகவே.

"நான் விழறதுக்கு முன்னாடி உங்க அறிவிப்பெல்லாம் கேட்டிருக்கேன். நடுவுல தூங்கி எழுந்திருப்பேன். அப்பவும் முடிஞ்சிருக்காது."

செயலரின் மனைவி அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். டைப்பிஸ்டம்மா அவளை முதல்முறையாக நன்றாகப் பார்த்தாள். "இவளுக்குப் புரியுது" என்றாள். அதுதான் அவர்கள் இருவருக்கும் நட்பு ஆரம்பமான இடம் என்று அக்கா பின்னால் சொன்னாள். சொல்லும்போது லேசாகப் பொறாமை தெரிந்தது.

வெள்ளிக்கிழமையும் அக்கா கூடவே போய் எல்லாம் காட்டிக்கொடுத்தாள். எந்தப் பக்கம் புரட்ட வேண்டும், எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால், எது பின்னால். செயலரின் மனைவி விரிப்பை மடித்த விதம் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் இந்தத் தடவை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாளாம். கிளம்பும்போது கட்டிலுக்குப் பக்கத்தில் போய், "போயிட்டு வரேம்மா" என்றாள். மறுநாள் லாரி வருகிறது என்பது டைப்பிஸ்டம்மாவுக்குத் தெரியும்.

"கதவைச் சாத்திட்டுப் போ. காத்து அடிக்குது" என்றாள் டைப்பிஸ்டம்மா.

அன்று அக்காவைக் கூப்பிட்டுப் போக நான் ஸ்கூட்டரோடு கீழே காத்திருந்தேன். வெகுநேரமாகியும் வரவில்லை என்று ஏறிப்போனால், முதல் மாடிப் படியில் உட்கார்ந்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பொம்பளைக்காகப் போயி அழறேன் பாரு. எனக்கே எரிச்சலா இருக்கு" என்றாள்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.  அப்போது மேலிருந்து செயலர் தன் மனைவியிடம் ஏதோ விளக்கம் சொல்லும் குரல் கேட்டது. அதற்குமேல் டைப்பிஸ்டம்மாவின் குரல், "கொஞ்சம் வாயை மூடுங்க." அக்கா அழுகையோடு சிரித்துவிட்டாள். எழுந்து இறங்கினோம்.

சனிக்கிழமை லாரி வந்தது. இத்தனை வருடங்களில் சனிக்கிழமை சர்ச் கக்கூஸ் கழுவாமல் விட்டது அதுவே முதல் தடவை. லாரியில் சாமான் ஏற்றும்போதும் நாலு தடவை என்னிடம், "சும்மா ஒரு எட்டு போயிட்டு வந்துடட்டுமா?" என்று கேட்டாள். அத்தான் அவள் கையைப் பிடித்து முன்சீட்டில் உட்காரவைத்தார். லாரியின் பின்னால் கேடயத்துக்கு இடமில்லை. உடைந்துவிடும் என்று யாரும் பொறுப்பேற்கவுமில்லை. கடைசியில் அத்தானே அதை மடியில் நிறுத்திக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணாடியில் பொறித்த 'தன்னலமற்ற சேவை' என்ற எழுத்துகளுக்கு மேல் அவர் முகம் மட்டும் தெரிந்தது. அந்தக் கோலத்தில்தான் என் அத்தான் ஊரைவிட்டுப் போனார்.

மறுநாள் ஞாயிறு யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அதற்கடுத்த ஞாயிறு தெரிந்தது. மூன்றாவது ஞாயிறு குழந்தைகள் வகுப்பையே முன்பக்கத்துக்கு மாற்ற வேண்டியதாகிவிட்டது, கக்கூஸிலிருந்து அப்படி நாற்றம். யார் பொறுப்பு என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவசரக் கூட்டம் போட்டார்கள். சம்பளத்துக்கு ஒரு ஆளை வைப்பது என்று சில நிமிடங்களில் முடிவாகிவிட்டது. துப்புரவு வேலை தெரிந்த ஒரு பெண் வந்தாள். சனிக்கிழமை வருகிறாள், கழுவுகிறாள், சம்பளம் வாங்கிக்கொண்டு போகிறாள். ஒரு பிரச்சினையும் இல்லை.

இதை அக்காவிடம் போனில் சொன்னேன்.  

"சம்பளத்துக்கா?" என்றாள்.

"ஆமா."

"அவ்வளவு சுலபமாவா?"

"ஆமாக்கா."

"இது ஏன் முன்னாடியே அவங்களுக்குத் தோணல?"

"நீ இருந்தியே. எப்படித் தோணும்? நீ ஒரு மாசம் விட்டிருந்தா எப்பவோ தோணியிருக்கும்."

போனை வைத்துவிட்டாள். இரண்டு நாள் பேசவில்லை. இது என்மேல் கோபமா, சர்ச் மேலா, தன்மேலேயா என்று எனக்குத் தெரியாது. அத்தான்தான் கூப்பிட்டு, "என்னத்த சொன்ன அவகிட்ட? வீட்டை ரெண்டு தடவை கழுவிட்டா" என்றார். மூன்றாம் நாள் அக்காவே கூப்பிட்டாள். எதுவும் நடக்காதது போல், "அந்தப் பொண்ணு மூலையெல்லாம் தேய்க்கறாளா?" என்று கேட்டாள்.

"உன்னைவிட நல்லாத் தேய்க்கறா."

"சும்மா சொல்லாத."

"சும்மா சொல்லல."

பிறகு, "நல்ல சம்பளம் குடுக்கச் சொல்லு. முதுகு போயிடும் அந்த வேலைக்கு" என்றாள். தன் முதுகைப் பற்றி அவள் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

அவள் போய் இரண்டு மாதம் இருக்கும். டைப்பிஸ்டம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை என்று எங்கள் நிலையத்துக்குச் சீட்டு வந்தது. வேறு யாருக்கும் நேரமில்லை, நான்தான் போக வேண்டியிருந்தது. அன்று வெள்ளிக்கிழமை. மூன்று மாடி ஏறிப் போனால் கதவு திறந்தே இருந்தது. குளியலறையில் செயலரின் மனைவி துணி அலசும் சத்தம். டைப்பிஸ்டம்மா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலைமுடி எண்ணெய் போட்டுப் படிய வாரியிருந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பழைய கால்சட்டை, ஒரு முட்டியில் தூசி.

"வா. கை நடுங்காம எடு" என்றாள் டைப்பிஸ்டம்மா.

"கீழ யாரு?"

"உங்க செயலர்தான். மாத்திரையைக் கீழ போட்டுட்டார். தேடறார். பாதி நாள் அங்கதான் இருக்கார்."

நான் அவள் கையில் பட்டையைக் கட்டும்போது என் போன் அடித்தது. அக்கா. ரத்தம் எடுக்கப்போவதைக் காலையிலேயே சொல்லியிருந்தேன்; வெள்ளிக்கிழமை இந்த நேரத்துக்கு அவளுக்குக் கை சும்மா இருக்காது. ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைத்தேன்.

"எங்க இருக்க? அம்மாவுக்கு ரத்தம் எடுத்தாச்சா?"

"எடுக்கப் போறேன்."

"இடது கையில எடு. வலது கையில நரம்பு கிடைக்காது."

"அதெல்லாம் அவளுக்குத் தெரியும். நீ உன் வேலையைப் பாரு" என்றாள் டைப்பிஸ்டம்மா, போனைப் பார்த்து. பிறகு குரலைத் தாழ்த்தாமலேயே, "சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

அக்காவிடமிருந்து "ம்" என்று மட்டும் கேட்டது. அவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நான் ஊசியில் கவனமானேன்.

அப்போது செயலர் கட்டிலுக்கு அடியிலிருந்து பின்னோக்கித் தவழ்ந்து வெளியே வந்தார். தலையில் ஒட்டடை. விரல் நுனியில் ஒரு வெள்ளை மாத்திரை. அதை உயர்த்திப் பிடித்து, ஞாயிறு அறிவிப்பு வாசிக்கிற அதே குரலில், "கிடைச்சிடுச்சு. இதை லேசாக் கழுவிக் குடுக்கலாமா, இல்ல வேற எடுக்கணுமா?" என்று கேட்டார்.

"வேற எடுங்க" என்றார்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில். ஒருத்தி கட்டிலிலிருந்து, ஒருத்தி குளியலறையிலிருந்து, ஒருத்தி போனிலிருந்து.